காலை ஷிப்டில் குறைந்த டீசல்

இரண்டே இரண்டு ஒயருக்காக ராமதாஸ் வேலூரில் நான்கு நாள் தங்கினான். எண்பத்தெட்டாம் வருஷம், மாசி மாசம். ஆரணியில் போளூர் ரோட்டில் இருந்த பச்சையப்பனுடைய பெட்ரோல் பங்குக்குப் புது டீசல் பம்ப் வந்திருந்தது. உருளும் எண்கள் போய், சிவப்பு வெளிச்சத்தில் எண் காட்டுகிற பம்ப். பம்பாய்க் கம்பெனி ஒன்று செய்தது. அறைக்குள் உட்கார்ந்தபடியே அந்தப் பம்பைத் திறக்கவும் மூடவும் கணக்குப் பார்க்கவும் ஒரு கன்ட்ரோலர் பெட்டியும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டிக்கு பம்பாய்க்காரர்கள் சொன்ன விலையில் இன்னொரு பம்பே வாங்கிவிடலாம்.

மெட்ராஸில் சக்கரவர்த்தி என்பவர் சின்னப் பட்டறை வைத்து, அதே வேலையைச் செய்கிற கன்ட்ரோலரை பாதிக்கும் குறைந்த விலையில் விற்றார். பச்சையப்பன் அதை வாங்கிவிட்டார். வாங்கி வந்து வைத்த பிறகுதான் தெரிந்தது, மெட்ராஸ் பெட்டி பேசுவது பம்பாய் பம்புக்குப் புரியவில்லை. பம்புக்கு எந்த மாதிரிச் சேதி அனுப்ப வேண்டும், அது எப்படிப் பதில் சொல்லும் என்ற விவரத்தைக் கேட்டு சக்கரவர்த்தி பம்பாய்க்கு மூன்று கடிதம் போட்டார். வெளியாருக்குத் தருவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

பங்கில் பதினான்கு வருஷமாக டீசல் ஊற்றிக்கொண்டிருந்த துரைக்கண்ணுதான் ராமதாஸைப் பற்றிச் சொன்னவர். எங்கள் காலனியில் ஒரு பையன் இருக்கிறான், பாலிடெக்னிக் படித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், எதைப் பிரித்தாலும் திரும்பப் பூட்டிவிடுவான் என்று முதலாளியிடம் சொல்லி, தன் சைக்கிளிலேயே உட்கார வைத்து அழைத்துக்கொண்டும் போனார். ரத்த உறவு இல்லை. ஆனாலும் ராமதாஸ் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். அவன் அப்பா களத்துமேட்டில் பாம்பு கடித்துச் சாகக் கிடந்தபோது வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்.

பச்சையப்பன் பட்டுக்காரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் இன்னும் முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் கொடுத்துப் புடவை வாங்குகிறவர்கள். கொடுத்த நூலையும் வந்த புடவையையும் தராசில் வைத்து, கால் பலம் குறைந்தாலும் தறிக்காரன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் அந்த வீட்டில் எல்லாருக்கும் உண்டு. பங்கை எடுத்த பிறகு பச்சையப்பனுக்குத் தராசு இல்லாமல் போயிற்று. டீசலை எப்படி நிறுப்பது? அதனால்தான் அந்தக் கன்ட்ரோலர் மேல் அவருக்கு அத்தனை ஆசை.

வேலூரில் ஒரு பங்கில் பம்பாய்ப் பம்பும் பம்பாய்ப் பெட்டியும் சேர்ந்தே இருந்தன. பச்சையப்பன் கொடுத்த கடிதத்தோடு ராமதாஸ் அங்கே போனான். பம்பிலிருந்து அறைக்கு வருவது இரண்டே ஒயர். அதில் மின்சாரம் ஓடினால் ஒன்று, நின்றால் பூஜ்யம். அதுதான் அவற்றின் எழுத்து. அவன் அந்தத் துடிப்புகளை ஒரு டேப் ரிக்கார்டரில் பிடித்தான். லாட்ஜில் உட்கார்ந்து கேசட்டை மெதுவாக ஓடவிட்டு, கட்டம் போட்ட தாளில் ஒன்றும் பூஜ்யமுமாக எழுதினான். மூன்றாம் நாள் சாயங்காலம் அவனுக்கு அர்த்தம் பிடிபடத் தொடங்கியது. பெட்டி நொடிக்கு நாலு தடவை, இருக்கிறாயா என்று கேட்கிறது. இருக்கிறேன் என்கிறது பம்ப். டீசல் ஊற்றுகிற நாசிலை எடுத்தால், எடுத்திருக்கிறார்கள் என்கிறது. சரி ஊற்று என்கிறது பெட்டி. ஊற்றி முடித்ததும் பம்ப் இத்தனை லிட்டர் என்று சொல்ல, கேட்டுக்கொண்டேன் என்று பெட்டி பதில் கொடுக்கிறது. அதோடு அந்த வியாபாரம் முடிகிறது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. லிட்டர் சொல்கிற சேதியின் கடைசியில் ஓர் எண் ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் வண்டிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு மூன்று. ஒன்பது வரை போய் மறுபடி ஒன்று. அதற்கு என்ன வேலை என்று அரை நாள் யோசித்தான். அது இல்லாமலே மற்றதெல்லாம் சரியாக வந்ததால் விட்டுவிட்டான்.

ஊருக்கு வந்து, இரண்டுக்கும் நடுவில் உட்காருகிற மாதிரி சிகரெட் டின் அளவில் ஒரு பெட்டி செய்தான். பம்ப் சொல்வதை வாங்கி மெட்ராஸ் கன்ட்ரோலருக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும். அங்கிருந்து வருவதை இங்கே மாற்றிச் சொல்லும். ஒயரை இழுக்கும்போது மட்டும் ஒரு சின்னப் பேச்சு வந்தது. சேதி போகிற ஒயருக்குத் தனிப் பைப் வேண்டும், தரையைத் தோண்ட வேண்டும் என்றான் ராமதாஸ். போன வருஷம்தான் சிமெண்ட் போட்டேன், அதை உடைக்க முடியாது, கம்ப்ரஸர் ஒயர் போகிற பைப்பிலேயே சேர்த்து விடு என்றார் பச்சையப்பன். லாரி டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் அது. அந்த நேரம் அதன் மோட்டார் எரிந்து, காயில் கட்டப் பட்டறைக்குப் போயிருந்தது. ராமதாஸ் மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, சரிங்க என்று அந்தப் பைப்பிலேயே விட்டான்.

பத்து நாள் சோதனை பார்த்தார்கள். அளவுப் பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தால் சொட்டு பிசகவில்லை. சக்கரவர்த்தி மெட்ராஸிலிருந்து வந்து, அந்தச் சிகரெட் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதே பம்ப் வைத்த பதினோரு பங்க் என்னிடம் காத்துக்கொண்டிருக்கிறது என்றார். பச்சையப்பன் அவனை இன்ஜினியர் என்று அழைக்கத் தொடங்கினார். அறைக்குள் நாற்காலி போடச் சொன்னார். பதினான்கு வருஷத்தில் துரைக்கண்ணு அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. வாசல்படியில் நின்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். நாற்காலியில் உட்கார்ந்தபோது ராமதாஸுக்கு அது நினைவுக்கு வந்தது. வந்தும் நன்றாகத்தான் இருந்தது.

அதுவரை ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் பம்பின் உள்ளே இருக்கிற மொத்த மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது வழக்கம். இனி அது எதற்கு, கன்ட்ரோலரே ஷிப்ட் முடிந்ததும் மொத்த லிட்டரைத் தாளில் அடித்துத் தந்துவிடும் என்றான் ராமதாஸ். அந்த நோட்டை மூடினார்கள். மறுநாளே கம்ப்ரஸர் மோட்டார் திரும்பி வந்தது.

காலை ஷிப்ட் துரைக்கண்ணு. மத்தியானத்துக்கு மேல் வேலு. வேலு பச்சையப்பனுடைய மச்சான் மகன். நாலாம் நாள் காலை ஷிப்ட் தாளில் வந்த லிட்டருக்கும் துரைக்கண்ணு கொடுத்த பணத்துக்கும் நாற்பது லிட்டர் இடித்தது, பணம்தான் குறைவு. மறுநாள் சரியாக இருந்தது. அதற்கடுத்த நாள் எண்பத்தைந்து லிட்டர். முதலில் துரைக்கண்ணுவே எங்கோ தவறிவிட்டோம் என்று நினைத்துக் கையிலிருந்து கட்டினார். மூன்றாவது தடவையும் கட்டினார். அப்புறம் கட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. வேலுவின் ஷிப்டில் மட்டும் எப்போதும் சரியாக வந்தது.

இருபத்தோராம் நாள் பச்சையப்பன் ராமதாஸுக்கு ஆள் அனுப்பினார். அவன் போனபோது துரைக்கண்ணு வாசல்படிக்கு வெளியே காக்கிச் சட்டையோடு நின்றார். உள்ளே மேஜை மேல் தாள்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. சிவப்பு மையில் கோடு போட்டதெல்லாம் காலை ஷிப்ட்.

"உன் பெட்டியில தப்பு வருமா? வராதா? எனக்கு அது ஒண்ணு தெரியணும்" என்றார் பச்சையப்பன்.

ராமதாஸ் தாள்களைப் பார்த்தான். பெட்டி தப்பு செய்தால் இரண்டு ஷிப்டிலும் செய்ய வேண்டும். ஆளைப் பார்த்தா தப்பு செய்யும்? இந்த நியாயம் அவனுக்கு இரும்பு மாதிரி உறுதியாகத் தெரிந்தது. அவன் துரைக்கண்ணுவைப் பார்க்காமல், "பத்து நாள் சோதிச்சிதாங்க குடுத்தேன். பெட்டி தப்பாதுங்க" என்றான்.

 முதலாளியிடம் துரைக்கண்ணு கேட்டது ஒன்றுதான்.

"தொட்டியில கம்பி வுட்டு அளந்து பாருங்க முதலாளி. நான் ஊத்திட்டு காசை எடுத்துகினு இருந்தா டீசல் கொறஞ்சிருக்கணும். கொறயலன்னா அது போகவே இல்லன்னு அர்த்தம். அதை மட்டும் பாருங்க."

அது சரியான கேள்வி என்று ராமதாஸுக்கு உடனே உறைத்தது. படித்த தனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் பச்சையப்பன் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. தொட்டியின் அளவு எழுதுகிற புத்தகம், அதிகாரிகள் வந்து பார்ப்பதற்காக வருஷக்கணக்கில் கம்பியே விடாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. தொட்டியில் நிஜமாக என்ன இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் கம்பி விட்டால் டீசல் கணக்கு மட்டுமா வெளியே வரும்? கம்பியெல்லாம் பழைய காலம், தாள் இருக்கிறது, பெட்டி செய்தவனே இருக்கிறான் என்று முடித்துவிட்டார். ராமதாஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்த்துவிடுவோமே முதலாளி என்றாவது. சொல்லவில்லை.

போலீசுக்குப் போகட்டுமா, எழுதித் தருகிறாயா என்று கேட்டார் பச்சையப்பன். துரைக்கண்ணுவுக்குக் கல்யாண வயசில் ஒரு பெண் இருந்தாள். அவர் சம்மதித்தார். பணத்தை எடுத்தது நான்தான், எனக்கு வர வேண்டிய பாக்கி எதையும் கேட்க மாட்டேன் என்று வேலு எழுதிய தாளில், கீழே எழுத்துக் கூட்டிப் பெயர் போட்டார். காக்கிச் சட்டை பங்குடையது என்பதால் அதையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள். பனியனோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

வேலுவைக் காலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். ஐந்தாம் நாள் ஐம்பது லிட்டருக்குப் பணம் குறைந்தது. ஏழாம் நாள் தொண்ணூறு.

வேலுவை யாரும் வாசல்படியில் நிற்க வைக்கவில்லை. பச்சையப்பன் நேராக ராமதாஸின் கடைக்கே வந்து, "பெட்டியில இன்னாமோ கோளாறு, ஜல்தி வந்து பாரு" என்றார்.

ராமதாஸ் இரண்டு நாள் காலை ஷிப்ட் முழுக்க பங்கிலேயே உட்கார்ந்தான். பம்ப் லிட்டர் சொல்லும்போது மட்டும் துடிக்கிற மாதிரி ஒயரில் ஒரு சின்ன விளக்கை மாட்டி, கண் எடுக்காமல் பார்த்தான். களம்பூர் மில்களுக்கு நெல் ஏற்றிக்கொண்டு வருகிற லாரிகள் காலையில்தான் வரும். டீசல் போட்டுக்கொண்டு, காற்றும் பிடித்துக்கொண்டு போகும். சாயங்காலம் லாரி குறைவு, காற்றுக்கு வேலையே இல்லை. இரண்டாம் நாள் ஒன்பது மணி சுமாருக்கு ஒரு லாரிக்கு நாற்பத்தைந்து லிட்டர் ஊற்றி முடித்து வேலு நாசிலை மாட்டவும், காற்றுத் தொட்டியில் அழுத்தம் இறங்கி கம்ப்ரஸர் தானாக உதறிக்கொண்டு கிளம்பவும் ஒன்றாக நடந்தது. ஒரு தடவை துடிக்க வேண்டிய விளக்கு இரண்டு தடவை துடித்தது, வேலுவும் பார்த்தான். ராமதாஸ் அறைக்குள் ஓடிக் கன்ட்ரோலரைப் பார்த்தான். மொத்தத்தில் தொண்ணூறு ஏறியிருந்தது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பம்ப் சொன்னதைப் பெட்டி கேட்டது. கேட்டுக்கொண்டேன் என்று அது சொன்ன பதில், பக்கத்திலேயே ஓடுகிற கம்ப்ரஸர் ஒயரின் அதிர்ச்சியில் அழிந்துவிட்டது. பதில் வராத பம்ப், கேட்கவில்லை போலிருக்கிறது என்று அதே நாற்பத்தைந்தை மறுபடி சொன்னது. பெட்டி அதை இன்னொரு லாரி என்று எடுத்துக்கொண்டது. கடைசியில் ஒட்டிவருகிற அந்த எண் இதற்குத்தான். புது வியாபாரம் என்றால் எண் மாறும். மறுபடி சொன்னது என்றால் அதே எண். வேலூர் லாட்ஜில் அரை நாள் பார்த்துவிட்டுத் தேவையில்லை என்று அவன் தள்ளிய எண்.

பம்பைத் திறந்து மொத்த மீட்டரைப் பார்த்தான். இணைத்த அன்று அதில் இருந்த எண் அவன் நோட்டில் இருந்தது. கழித்துப் பார்த்தால், கன்ட்ரோலர் சொல்கிற மொத்தத்தைவிட ஆயிரத்து எண்பது லிட்டர் குறைவு. அத்தனையும் யாருக்கும் ஊற்றாத டீசல். தொட்டிக்குள்ளேயே இருந்த டீசல்.

அன்று சாயங்காலமே எண்ணைப் பார்க்கிற மாதிரி பெட்டியை மாற்றினான். அரை மணி வேலை. கம்ப்ரஸரை வேண்டுமென்றே ஐம்பது தடவை ஓட்டிப் பார்த்தான். ஒரு தடவைகூட இரட்டிக்கவில்லை.

மறுநாள் பச்சையப்பனிடம் நடந்ததை எல்லாம் சொன்னான். சக்கரவர்த்தியும் வந்திருந்தார். துரைக்கண்ணுவைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றான். பச்சையப்பன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழுதிக் கொடுத்தவனைத் திரும்பக் கூப்பிட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன், நாளைக்கு பாக்கி என்பான், நஷ்ட ஈடு என்பான், அவனுக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும் என்றார். சக்கரவர்த்தி இன்னும் மெதுவாகப் பேசினார். பதினோரு பங்குக்கு ஆர்டர் இருக்கிறது. பெட்டி தப்பு செய்தது என்று ஒரு பேச்சு கிளம்பினால் பதினொன்றும் போய்விடும். நீ மெட்ராஸுக்கு வந்துவிடு, நல்ல சம்பளம் போடுகிறேன், இதை இத்தோடு விடு என்றார். யோசிக்கிறேன் சார் என்று ராமதாஸ் எழுந்தான். அவன் நிஜமாகவே யோசித்தான். ஒரு வாரம் யோசித்தான். அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குள் துரைக்கண்ணு ஆரணியிலும் செய்யாறிலும் நாலு பங்க் ஏறி இறங்கிவிட்டார். எல்லா இடத்துக்கும் அவருக்கு முன்னால் சேதி போயிருந்தது. கடைசியில் களம்பூரில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனார். நாற்பத்தாறு வயசு. மூட்டை தூக்கிப் பழகாத தோள். பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த சேத்துப்பட்டு இடம், வரதட்சணை எதுவும் கேட்காத இடம், அவர்களாகவே வந்து தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

தாம்பூலம் திரும்பிய சேதி காதில் விழுந்த அன்று ராமதாஸ் அவர் வீட்டுக்குப் போனான். துரைக்கண்ணு தோளில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி பாஞ்சாலை முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தவள், அவனைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். ராமதாஸ் எல்லாவற்றையும் சொன்னான். கம்ப்ரஸர், ஒயர், பம்ப் இரண்டு தடவை சொன்னது, தான் விட்ட எண். தப்பு தன்னுடையது என்றும் சொன்னான். சொல்லி முடித்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

துரைக்கண்ணு அதைப் பொருட்படுத்தவில்லை. "இத்த சொல்றதுக்கா வந்த? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதாடா?" என்றார்.

அவர் சாய்ந்திருந்த சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

"எனக்கு வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? அன்னிக்கு எந்த எடத்துல குந்திகினு பெட்டி தப்பாதுன்னு சொன்னியோ, அதே எடத்துல போய் இத்த சொல்லு. லாரிக்காரனுங்க இருக்கும்போது சொல்லு. அவனுங்கதான் ஊர் ஊராப் போய் திருடன்னு சொன்னவனுங்க."

உள்ளேயிருந்து பாஞ்சாலையின் குரல் வந்தது. "போய் சொல்லிட்டு அப்புறமா இந்த வாசப்படி மிதிக்கச் சொல்லு."

மறுநாள் காலை எட்டரைக்கு ராமதாஸ் பங்குக்குப் போனான். ஏழெட்டு லாரிகள் நின்றன. டிரைவர்களும் கிளீனர்களும் டீக்கடைப் பக்கம் கூடியிருந்தார்கள். நாற்காலியில் உட்காராமல் வாசல்படியில், துரைக்கண்ணு நின்ற இடத்தில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.   பம்பின் மீட்டர் எண்ணையும் கன்ட்ரோலரின் எண்ணையும் நோட்டிலிருந்து படித்தான். துரைக்கண்ணு ஒரு லிட்டர்கூட எடுக்கவில்லை, தப்பு நான் செய்த பெட்டியில், சந்தேகம் இருந்தால் இப்போதே பம்பைத் திறந்து காட்டுகிறேன் என்றான்.

பச்சையப்பன் அறையிலிருந்து வெளியே வந்தார். கோபப்படவில்லை. அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, லாரிக்காரர்களைப் பார்த்து, "இவன் அவனுக்கு இன்னா ஆவணும்னு கேளுங்க" என்றார்.

யாரோ ஒரு டிரைவர் கேட்டான், நீ அவருக்குச் சொந்தமா என்று.  சித்தப்பா முறை என்றான் ராமதாஸ்.

"ஒரே காலனி" என்றார் பச்சையப்பன். "அன்னிக்கு எங்கிட்ட கூலி வாங்கிகினு உண்மைய சொன்னான். இன்னிக்கு வீட்டாண்ட போய் அழுதிருப்பானுங்க, வந்து மாத்திப் பேசறான். ஜாதி ஜனம் வுட்டுக் குடுக்குமா?"

டிரைவர்கள் சிரித்தார்கள். பகையாகச் சிரிக்கவில்லை, நடப்புத் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. மீட்டர், எண், மறுபடி சொன்ன சேதி என்று அவன் பேசியது ஒன்றும் அவர்களுக்குப் புரியவில்லை. ஒரே காலனி என்பது எல்லாருக்கும் புரிந்தது. பம்பைத் திறந்து காட்ட ராமதாஸ் சாவியை எடுத்தான். சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார் பச்சையப்பன். வேலு வந்து அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். வாங்கும்போது வேலு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்ரஸர் கிளம்பும்போது விளக்கு இரண்டு தடவை துடித்ததை ராமதாஸோடு சேர்ந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

திருடன் என்று சொன்னபோது படித்தவன் வார்த்தையாக இருந்தது, திருடவில்லை என்று சொன்னபோது சொந்தக்காரன் வார்த்தை ஆகிவிட்டது. ராமதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே காலனி வரை நடந்தான்.

எண்ணெய்க் கம்பெனி ஆபீசுக்கு இரண்டு கடிதம் போட்டான். இரண்டாவதற்குப் பதில் வந்தது. டீலருக்கும் அவருடைய பணியாளருக்கும் உள்ள விவகாரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை. எங்கள் அனுமதி இல்லாத கருவியை பம்பில் இணைத்தது யார் என்பதற்கு நீங்கள் விளக்கம் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு அவன் பதில் போடவில்லை.

சக்கரவர்த்தி அதற்குப் பிறகு அவனை அழைக்கவில்லை. அழைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. பங்கிலிருந்து அந்தச் சிகரெட் டின் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய், பிரித்துப் பார்த்து, அதே மாதிரி பதினொன்று செய்தார். மேலே தன் கம்பெனி பெயரை அச்சடித்தார். எண்ணைப் பார்க்கிற திருத்தமும் அதிலேயே இருந்ததால் அவை எல்லாம் பிசகாமல் ஓடின. திருவண்ணாமலையில் ஒன்றை ராமதாஸே பார்த்தான். பஸ் டீசல் போட நின்றது. ஜன்னல் வழியே அறைக்குள் அது தெரிந்தது. டிவி ரிப்பேருக்கும் ஸ்டெபிலைசருக்கும் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பட்டுக்காரர் தெருவிலிருந்து மட்டும் வருவது நின்றது.

துரைக்கண்ணு வீட்டுக்கு அவன் மறுபடி போனான். பங்கில் சொன்னதையும் நடந்ததையும் சொன்னான். அவருக்கு அது ஏற்கெனவே எட்டியிருந்தது. சொல்லிட்டல்ல, சரி என்றார். பாஞ்சாலை அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்துவிட்டு எழுந்து வந்தான். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போகக் காரணம் இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், களம்பூரில் ஒரு மில் ஆபீஸ் டிவியைப் பார்க்கப் போன ராமதாஸ் பஸ்ஸில் துரைக்கண்ணுவைப் பார்த்தான். மில் ஆள் ஒருவரோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத் தோள் இறங்கியிருந்தது. கழுத்தின் பின்னால் மூட்டை உரசி உரசித் தோல் தடித்துக் கறுத்திருந்தது. ராமதாஸ் வணக்கம் சொன்னான். அவர் தலையை அசைத்தார். பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை.

கூட இருந்த ஆள், யார் இந்தத் தம்பி என்று கேட்டார்.

"நம்ம காலனிதான்" என்றார் துரைக்கண்ணு. "டிவி மெக்கானிக்கு. பாலிடெக்னிக் படிச்சவன்."

அவ்வளவுதான் சொன்னார். நல்லவிதமாகவும் இல்லை, கெட்டவிதமாகவும் இல்லை. வழியில் தெரிகிற கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ காட்டிச் சொல்வது போலச் சொன்னார். அந்த ஆள் உடனே தன் வீட்டு ரேடியோ கரகரவென்று இரைகிறது, என்ன செய்யலாம் என்று ராமதாஸிடம் விசாரிக்க ஆரம்பித்தார். ராமதாஸ் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். மில் ஸ்டாப் வந்ததும் துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு இறங்கினார். மில் கேட்டுக்கு உள்ளே நெல் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அவர் அதன் பின்பக்கம் போய் முதுகைத் திருப்பிக் குனிந்து நின்றார். மேலே இருந்தவன் முதல் மூட்டையை இறக்கி வைத்தான்.